கிச்சோமென்: 'ஒழுங்கானவர்'னு மட்டும் எழுதி வெச்சா பாதி அர்த்தம்தான் வரும்

கேள்வி கேட்டவங்க ஜப்பானிய மொழித் தேர்வுல என்2 லெவலுக்குப் படிச்சுக்கிட்டு இருக்காங்க. 'கிச்சோமென்'னு ஒரு வார்த்தை வந்திருக்கு, டிக்ஷனரில 'ஒழுங்கான'ன்னு போட்டிருக்கு. முன்னாடியே படிச்ச 'மஜிமே'க்கும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான் எழுதி வெச்சிருக்காங்க. அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், ஒருத்தரைப் பாத்து கிச்சோமென்னு சொன்னா அது பாராட்டா குறையா, வேலைக்கு இன்டர்வியூ போகும்போது என்னைப் பத்தி நானே அப்படிச் சொல்லிக்கலாமான்னு கேட்டிருக்காங்க.

நான் நகோயா பக்கத்துல ஒரு பாக்டரில குவாலிட்டி செக்ஷன்ல 9 வருஷம் வேலை பாத்தேன், இந்த வார்த்தையை வாரத்துக்கு நாலு தடவையாவது காதுல கேட்டிருப்பேன். மனுஷங்க குணத்தைச் சொல்ற ஜப்பானிய வார்த்தைகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல உச்சரிப்பு, ஏன்னா தமிழ்ல எழுதி வெச்சுப் படிக்கிறவங்க எல்லாருமே இங்க ஒரு தப்பு பண்றாங்க. நம்ம எழுத்துல வார்த்தைக்கு நடுவுல ஒத்தை 'ச' வந்தா 'ஸ' மாதிரி படிச்சுடுவோம்னுதான் 'ச்ச' போட்டு 'கிச்சோ'ன்னு எழுதறோம். ஆனா ஜப்பானியத்துல அந்த இடத்துல அழுத்தம் கிடையாது. 'கி'க்கு அப்புறம் நிக்காம நேரா 'சோ'வுக்குப் போயிடணும், 'பச்சை'யில வர்ற ச ஓசை, ஆனா ஒத்தையா. அழுத்திச் சொன்னா ஜப்பானியர் காதுக்கு அது வேற வார்த்தை, அந்த மொழியில மெய்யெழுத்து ரெட்டிக்குதா இல்லையாங்கறது அர்த்தத்தையே மாத்திடும். அதே மாதிரி 'சோ' நெடில், அதைக் குறிலாக்கக் கூடாது. கி, சோ (ரெண்டு மாத்திரை), மெ, ன். கடைசி ன் கூட ஒரு முழு தட்டு எடுத்துக்கும். மாத்திரை கணக்கு பழகின நமக்கு இது கஷ்டமே இல்ல, அந்த 'ச்' தான் ஏமாத்துது.

இப்ப வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம், இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சுடும்.

மூணு கான்ஜி, அதாவது சீனத்துலேருந்து வந்த எழுத்து. முதல் எழுத்து 'கி', ரெண்டே கோடு, சின்ன மேஜை இல்ல தாங்கி மாதிரியான பொருள். ரெண்டாவது 'சோ', திரைச்சீலை, அதுக்கு நோட்டுப் புத்தகம்னும் அர்த்தம் உண்டு. மூணாவது 'மென்', முகம், பரப்பு. இதுல ஒரு குழப்பம் இருக்கு, கடைசி ரெண்டு எழுத்தை மட்டும் எடுத்தா 'சோமென்', அப்படின்னா கணக்கு நோட்டு. அதனால 'கணக்கு நோட்டை ஒழுங்கா எழுதறவன், அதுலேருந்துதான் கிச்சோமென்'னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, ஜப்பானியர்ல கூட. கேக்க நல்லா பொருந்துது, ஆனா அப்படி இல்ல. பிரிக்க வேண்டிய இடம் வேற, 'கிச்சோ' தனி, 'மென்' தனி.

கிச்சோங்கறது ஒரு பொருளோட பேரு. ஹெய்யான் காலம்னு சொல்லுவாங்க, 794லேருந்து 12ஆம் நூற்றாண்டுக் கடைசி வரைக்கும், தலைநகரம் கியோட்டோ. அப்ப பெரிய மனுஷங்க வீட்டுக்குள்ள சுவர்னு பெருசா இருக்காது, நீளமான பலகைத் தரை, தூண்கள், அவ்வளவுதான். அதைத் தேவைக்கு ஏத்த மாதிரி மறைச்சுப் பிரிக்க நகத்தற மாதிரி திரைகள் வெச்சிருந்தாங்க, அதுல ஒண்ணுதான் கிச்சோ. கீழ ஒரு கட்டை, அதுல ரெண்டு மெல்லிசான கால், மேல குறுக்க ஒரு சட்டம், அதுலேருந்து பட்டுத் துணி தொங்கும். 4 ஷாக்கு உயரம், அதாவது சுமார் 120 செ.மீ. இருக்கற கிச்சோவுக்கு 5 துணிப் பட்டையும், 3 ஷாக்கு கிச்சோவுக்கு 4 துணிப் பட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சேத்துத் தைப்பாங்க. தைக்கும்போது நடுவுல கொஞ்ச தூரம் தைக்காம விட்டுடுவாங்க, உள்ள உக்காந்திருக்கற பெண்கள் அந்த இடைவெளி வழியா வெளிய பாத்துக்கலாம். வெயில் காலத்துக்கு ஒரு துணி, குளிர் காலத்துக்கு வேற துணி. இதையெல்லாம் கண்ணால பாக்கணும்னா கியோட்டோல நிஷி ஹொங்கான்ஜி கோயில் பக்கத்துல ஃபூஸொக்கு ஹாக்குபுட்ஸுகான்னு சின்ன ம்யூசியம் ஒண்ணு இருக்கு, ஹெய்யான் மாளிகையை நாலுல ஒரு பங்கு அளவுல அப்படியே செஞ்சு வெச்சிருக்காங்க. நான் போனப்ப ஒரு கிச்சோ முன்னாடியே ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

சரி, 'மென்' என்னன்னா, தச்சு வேலையில மரத்தோட கூர்மையான விளிம்பைச் சீவி எடுத்தா கிடைக்கற புது முகத்துக்கு மென்னு பேரு. சீவற வேலைக்கு மென்தொரி. சதுரத் தூணோட மூலையை அப்படியே விட்டா கையில குத்தும், சீக்கிரம் சிலாம்பு எழும், அதனால சீவி விடுவாங்க. எப்படிச் சீவறாங்கங்கறதுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பேரு, நூல் மாதிரி மெல்லிசா எடுத்தா இத்தோமென், உருட்டினா மருமென். இதுல ஒண்ணு, மூலையை உருட்டி அந்த உருட்டலுக்கு ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு படி வெட்டி விடறது. கிச்சோவோட சட்டங்கள்ல இந்த மாதிரி சீவினதால இதுக்குக் கிச்சோமென்னு பேரு வந்துச்சு. நுணுக்கமான, பொறுமை வேணுங்கற வேலை. அதுலேருந்துதான் அப்படி வேலை செய்யற, அப்படியே வாழ்ற ஆளோட குணத்துக்கும் அந்தப் பேரு போச்சு. ஒரு மர விளிம்போட பேரு மனுஷனோட குணமா மாறியிருக்கு, இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு மெய் சிலிர்த்துச்சு.

படிச்சதோட விடல, நான் குடியிருந்த தெருவுல கதவு, ஷோஜின்னு சொல்ற காகிதக் கதவுக்கான சட்டம் செய்யற ஒரு வயசான ஆசாரி இருந்தார், அவர்கிட்ட போய் கேட்டேன். அவர் குணத்தைப் பத்தி ஒண்ணுமே பேசல. பட்டறையில கிடந்த ஒரு ஹினொக்கி மரத் துண்டை எடுத்து என் கையில குடுத்து, கண்ணை மூடிக்கிட்டு மூலையில கட்டை விரலை ஓட்டுன்னார். தட்டையா வருது, சட்டுனு ஒரு சின்ன இறக்கம், அப்புறம் உருண்டை, திரும்ப அதே இறக்கம், திரும்பத் தட்டை. அப்புறம் இன்னொரு துண்டு குடுத்தார், அவர்கிட்ட வேலை கத்துக்கற பையன் செஞ்சது. விரலுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு. ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடின்னார். பிடிச்சதும் தெரிஞ்சுது, ரெண்டு படியிலயும் நிழல் கோடு விழுது, முதல் துண்டுல ரெண்டு கோடும் மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே கனம், பையன் செஞ்சதுல ஒரு பக்கம் கோடு போகப் போக மெலிஞ்சு கடைசி ஒரு விரக்கடை தூரத்துல காணாமப் போயிடுச்சு. அந்தக் கடைசி விரக்கடையைக் காட்டி, "கோகோ மதே"ன்னார். 'இது வரைக்கும்'னு அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு அந்த வார்த்தையோட முழு அர்த்தம் அந்த ரெண்டு சொல்லுக்குள்ள இருக்கு. ஜப்பானியர் கிச்சோமென்னை விளக்கும்போது 'சுமிசுமி மதே'ன்னு ஒண்ணு சேத்துச் சொல்றதைக் கேட்டிருப்பீங்க, சுமின்னா மூலை, மூலை முடுக்கு வரைக்கும்னு அர்த்தம். நல்லா செய்யறது, சுத்தமா இருக்கறது, நேர்மையா இருக்கறது எல்லாம் அதுக்குப் பக்கத்துல வர்ற விஷயங்கள், ஆனா மையம் அது இல்ல. எடுத்த ஒண்ணை ஓரம் வரைக்கும், யாரும் பாக்காத கடைசி விரக்கடை வரைக்கும், ஒரே கனத்துல கொண்டு போறதுதான் கிச்சோமென்.

இதை வெச்சுப் பாத்தா மஜிமேவுக்கும் இதுக்கும் வித்தியாசம் சுலபமா வந்துடும். மஜிமே மனசைப் பத்தினது. விளையாட்டுத்தனம் இல்லாம, ஏமாத்தாம, உண்மையா ஒரு விஷயத்துல இறங்கற ஆள் மஜிமே. கிச்சோமென் அந்த ஆள் வேலையை முடிக்கற விதத்தைப் பத்தினது. ஒரு நாள் கூட லீவ் போடாம கிளாசுக்கு வந்து முதல் பெஞ்சுல உக்காந்து உயிரைக் குடுத்துப் படிக்கற பையன், ஆனா அவன் பையைத் திறந்தா கசங்கின பேப்பர், மூடி இல்லாத பேனா, எந்த நோட்டு எந்தப் பாடத்துக்குன்னே தெரியாது, அவன் மஜிமே, கிச்சோமென் இல்ல. அதுக்கு நேர் எதிரா, ராத்திரி பூரா பச்சின்கோ கடையில பணத்தை விடற ஒருத்தர், ஆனா கடன் வாங்கினா சொன்ன தேதியில சொன்ன தொகையை மடிப்பு கலையாத நோட்டா கவர்ல போட்டு மேல பேரு எழுதிக் கொண்டு வந்து குடுப்பார், அவரை யாரும் மஜிமேன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா 'பண விஷயத்துல கிச்சோமென்'னு கண்டிப்பா சொல்லுவாங்க.

இந்த 'விஷயத்துல'ங்கறதை கவனிங்க. 'ஜிகான் நி கிச்சோமென்' நேரத்துல, 'ஒகானே நி கிச்சோமென்' பணத்துல. நடுவுல 'நி' வருது. ஆளோட பொதுவான குணமா சொல்லணும்னா 'கிச்சோமென் நா ஹித்தோ', அங்க 'நா'. செய்யற விதத்தைச் சொன்னா மறுபடி 'நி', 'மைநிச்சி கிச்சோமென் நி நிக்கி ஓ ட்ஸுகேதே இரு', தினமும் விடாம ஒழுங்கா டைரி எழுதறாங்க. இன்னொண்ணு அடிக்கடி வரும், 'ஹென் நா தொக்கொரோ தெ கிச்சோமென்', சம்பந்தமே இல்லாத இடத்துல மட்டும் கிச்சோமென். வீடெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும், ஆனா சட்டையை மட்டும் கலர் வரிசையில மாட்டி வெச்சிருப்பாங்க பாருங்க, அவங்களை அன்பா சொல்றது.

எங்க செக்ஷன்ல ஒரு சீனியர் அம்மா இருந்தாங்க, ரிடையர் ஆகற மாசம் அவங்க பாத்த மெஷின்களை என்கிட்ட ஒப்படைச்சாங்க. வேலையை மாத்திக் குடுக்கறதுக்கு அங்க ஹிக்கிட்ஸுகின்னு பேரு, அதுக்கு ஒரு நோட்டு குடுப்பாங்க. அவங்க நோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ராத்திரி பிரிச்சுப் பாத்தேன். ஒவ்வொரு பக்கத்துலயும் மேல வலது ஓரத்துல தேதி, கிழமை, ரூம் டெம்பரேச்சர். தப்பா எழுதிட்டா வெள்ளை மை போட்டு மறைக்கல, ரெண்டு கோடு இழுத்து, அடிச்சது என்னன்னு படிக்கற மாதிரியே விட்டு, மேல அவங்க பேரு போட்ட குட்டி சிவப்பு முத்திரை. இது அங்க பொதுவான வழக்கம்தான். என்னை நிறுத்தினது வேற. ஒரு பிரச்சனையும் நடக்காத நாளு இருக்குல்ல, நாமளா இருந்தா அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுட்டுப் போயிடுவோம், அவங்க அந்த நாளுக்கும் 'இஜோ நாஷி'ன்னு எழுதியிருந்தாங்க, கோளாறு எதுவும் இல்லைன்னு. பக்கம் பக்கமா, வருஷக் கணக்கா, அதே அளவு எழுத்து. ஏன் இவ்வளவு மெனக்கெட்டீங்கன்னு மறுநாள் கேட்டேன், "காலியா விட்டா பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு விட்டேனா, இல்ல பாக்கவே இல்லையான்னு உங்களுக்குத் தெரியாதே"ன்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மெஷின்ல அளவு கொஞ்சம் கொஞ்சமா விலக ஆரம்பிச்சப்ப, எந்த மாசம் வரைக்கும் அது சரியா இருந்துச்சுன்னு நான் கண்டுபிடிச்சது அந்த 'இஜோ நாஷி'களை வெச்சுத்தான்.

தமிழ்ல இதுக்கு என்ன சொல்லலாம்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். 'நறுவிசு'ங்கற வார்த்தை ரொம்பக் கிட்ட வருது, நறுவிசா வேலை செய்வான், நறுவிசா புடவை மடிப்பா அப்படின்னு எங்க பாட்டி சொல்லுவாங்க, இப்ப நிறைய பேர் மறந்துட்டாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. ஆனா நறுவிசு கைவேலைக்கும் பொருளுக்கும்தான் பொருந்துது, சொன்ன நேரத்துக்கு வர்றவனை நறுவிசானவன்னு சொல்றதில்ல. நேரம், பணம்னா நாம 'கறார்'னு சொல்றோம், ஆனா கறார்ல ஒரு கடுமை இருக்கு, அது அடுத்தவன் மேல காட்டறது. கிச்சோமென் தன் மேலயே காட்டிக்கறது. நறுவிசையும் கறாரையும் சேத்து, கறார்ல இருக்கற அந்தக் கடுப்பை எடுத்துட்டா ஓரளவு வரும். ஒரே வார்த்தையா எழுதியே ஆகணும்னா நான் 'நறுவிசு'ன்னுதான் எழுதி வெச்சுப்பேன், 'ஒழுங்கான'ன்னு எழுத மாட்டேன், ஏன்னா நம்ம ஊர்ல ஒழுங்கான பையன்னா அது நடத்தையைப் பத்திப் பேசற மாதிரி ஆயிடும்.

எதிர்ப்பதம் தெரிஞ்சா பிடிமானம் கிடைக்கும். 'ஓஸப்பா'ன்னா குத்துமதிப்பா, நுணுக்கம் பாக்காம செய்யற ஆள், இதுல பெருசா வெறுப்பு இல்ல, சிரிச்சுக்கிட்டே தன்னைப் பத்தி சொல்லிக்கலாம். 'ஸுபோரா' அசமந்தம், செய்ய வேண்டியதைச் செய்யாம தள்ளிப் போடறது. 'தராஷினாய்' கடுமையான வார்த்தை, அதை யாரையும் முகத்துக்கு நேரா சொல்லிடாதீங்க. நேரத்துக்கு வராத ஆளுக்கு 'ஜிகான் நி ரூஸு'ம்பாங்க, இங்கிலீஷ் 'லூஸ்'தான் அப்படி ஆயிருக்கு.

அந்தப் பக்கம், அதிகமாப் போனா 'ஷின்கேஷிட்ஸு'. மேஜை மேல பேனா நேரா இல்லைன்னா நேரா எடுத்து வெச்சுட்டு வேலையைப் பாக்கறவர் கிச்சோமென். நேரா இல்லைங்கறதால மனசு அரிச்சு, அடுத்தவன் பேனாவையும் நேரா வெச்சு, அவனையும் ரெண்டு வார்த்தை சொல்றவர் ஷின்கேஷிட்ஸு. முதல்ல சொன்னது பெரும்பாலும் பாராட்டு, ரெண்டாவது பெரும்பாலும் குறை. ஒரே செயலுக்கு ரெண்டு வார்த்தையும் வரலாம், சொல்றவங்களுக்கு அந்த ஆளைப் பிடிக்குதா இல்லையாங்கறதைப் பொறுத்து, அதனால கேக்கும்போது குரலையும் கவனிங்க.

ஜப்பான்ல இந்த வார்த்தையை நீங்க அதிகமா கேக்கப் போற இடம் ரத்த வகைப் பேச்சு. "நீங்க ஏ டைப்பா? அப்ப கிச்சோமென் தானே"ன்னு பழகின முதல் வாரமே யாராவது கேப்பாங்க. ஏ டைப் கிச்சோமென், ஓ டைப் ஓஸப்பா, பி டைப் தன் இஷ்டத்துக்கு நடக்கறவன், ஏபி புரிஞ்சுக்க முடியாத ஆள், இப்படி ஒரு கணக்கு. 1927ல ஃபுருகாவா தகேஜிங்கறவர் எழுதின கட்டுரையில ஆரம்பிச்சு, 1971ல நோமி மசஹிக்கோ எழுதின புத்தகம் நல்லா வித்ததுலேருந்து வீடு வீடா பரவிடுச்சு. ஜப்பான்ல ஏ டைப் சுமார் 40 சதவீதம் பேர், அதனால நாட்டுல பத்துல நாலு பேரைப் பாத்து கிச்சோமென்னு சொல்லிட்டா நிறைய தடவை சரியா வர்ற மாதிரிதான் தோணும். ஜப்பான், அமெரிக்கா ரெண்டு நாட்டுலயும் சேத்து 10,000 பேருக்கு மேல எடுத்த சர்வே தகவலை அலசி 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு, ரத்த வகைக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இருக்கறதா அதுல ஆதாரம் கிடைக்கல. இதை வெச்சு வேலை இடத்துல ஆளைத் தரம் பிரிக்கறதுக்கு 'புராஹரா'ன்னு ஒரு பேரே வந்துடுச்சு, ரத்த வகையைச் சொல்லி ஒருத்தரைத் தொல்லை பண்றதுன்னு அர்த்தம். பேச்சுவாக்குல கேட்டா சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லிட்டுப் போங்க, ஆனா நீங்களா மத்தவங்களைக் கேக்காதீங்க.

இதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு, படிக்கற புத்தகங்கள்ல இது வராது. ஜப்பானிய மனநல மருத்துவத்துல கிச்சோமென் ரொம்ப காலமா டிப்ரஷனோட சேத்துப் பேசப்பட்ட குணம். கியூஷு யூனிவர்சிட்டில இருந்த ஷிமொதா மிட்ஸுஸோங்கற மருத்துவர் 'ஷூச்சாக்கு கிஷிட்ஸு'ன்னு ஒரு சுபாவத்தை விவரிச்சார், ஒண்ணைப் பிடிச்சா விடாத சுபாவம்னு வெச்சுக்கலாம். வேலையில தீவிரம், எதையும் முழுசா செஞ்சு முடிக்கறது, நேர்மை, கிச்சோமென், கடமையுணர்ச்சி, பொறுப்புணர்ச்சி, இதுதான் அவர் சொன்ன குணங்கள். 1961ல ஜெர்மனில டெல்லன்பாக்குன்னு ஒரு மருத்துவர், ஒழுங்கை விட்டுக் குடுக்க முடியாத ஆட்கள் எப்படி மனச்சோர்வுல விழறாங்கன்னு எழுதினார், அதுக்கு ஜப்பான்ல பெரிய வரவேற்பு கிடைச்சுது, அதைப் பத்தி ஜப்பானிய மொழியில பேசும்போது ஒழுங்குங்கற இடத்துல வந்து உக்காந்த வார்த்தையும் கிச்சோமென்தான்.

காரணம் யோசிச்சா புரியும். ஓரம் வரைக்கும் ஒரே கனத்துல கொண்டு போற ஆளுக்கு வேலை அளவோட இருக்கற வரைக்கும் நிம்மதி. புரமோஷன் வந்து ஒரு தூண் பத்துத் தூண் ஆகும்போதும் அவர் பத்தையும் அதே மாதிரி சீவப் பாப்பார், குத்துமதிப்பா விட அவரால முடியாது, அடுத்தவன்கிட்ட குடுக்கவும் மனசு வராது. ஊர் பாராட்டற குணமே அவரைத் தின்னுடும். எங்க செக்ஷன்லயே ஒருத்தர் அப்படி மூணு மாசம் லீவ்ல போனார், அவர் போட்டு வெச்ச ஃபைல் ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, அவருக்கு அவ்வளவு கஷ்டம்னு எங்க யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் யாராவது யாரையாவது 'கிச்சோமென் சுகிரு'ன்னு, அதாவது கிச்சோமென் கூடிப் போச்சுன்னு சொல்றதைக் கேட்டா நான் அந்த ஆளைக் கொஞ்சம் உத்துப் பாப்பேன், நேத்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்னு கேப்பேன். நீங்களும் இந்த மாதிரி ஆளா இருந்தா, தூக்கம் கெட ஆரம்பிச்ச உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க, வேலை முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

இப்ப பாராட்டா குறையாங்கற கேள்வி. கூட வேலை பாக்கறவங்க, உங்களுக்குக் கீழ இருக்கறவங்ககிட்ட தாராளமா சொல்லலாம், "கிச்சோமென் தெஸு நே"ன்னா சந்தோஷப்படுவாங்க. ஆனா மேலதிகாரி, வயசுல பெரியவங்க, கஸ்டமர் இவங்க முகத்துக்கு நேரா சொல்லாதீங்க. வார்த்தை நல்ல வார்த்தைதான், ஆனா ஒருத்தரோட குணத்துக்கு நீங்க மார்க் போடற மாதிரி ஆயிடும், சின்னவங்க பெரியவங்களுக்கு மார்க் போடறது அங்க பிடிக்காது, நம்ம ஊர்லயும் தாத்தாவைப் பாத்து 'நீங்க நல்ல ஒழுங்கா இருக்கீங்க'ன்னு சொன்னா எப்படி இருக்கும். அந்த இடத்துல அவர் செஞ்சதுக்கு நன்றி சொல்லிடுங்க, "இட்ஸுமோ தேனேய் நி ஒஷியேதே குதாஸத்தே அரிகாதோ கொஸாய்மாஸு", எப்பவும் பொறுமையா விளக்கமா சொல்லித் தர்றீங்க, நன்றி. உங்களை யாராவது கிச்சோமென்னு சொன்னா பதறி மறுக்க வேண்டாம், "ஈயே, மதா மதா தெஸு", இன்னும் நிறைய இருக்குன்னு சொன்னா போதும்.

எழுதும்போது ஒண்ணு. முதல் எழுத்து, அந்த ரெண்டு கோடு 'கி', அரசாங்கத்தோட பொதுப் பயன்பாட்டு கான்ஜி லிஸ்ட்ல இல்ல, அதனால பத்திரிகைகள்ல பெரும்பாலும் ஹிராகானாங்கற ஓசை எழுத்துலயே இருக்கும். கையால எழுதறப்ப அதுக்கு முன்னாடி மரம்ங்கற பாகத்தைச் சேத்து மேஜைங்கற எழுத்தா ஆக்கிடறது நிறைய நடக்குது. கிச்சோமென்னையே தப்பா எழுதினா ஜப்பானியர் கண்ணுக்கு உடனே படும், சந்தேகமா இருந்தா ஹிராகானால எழுதிடுங்க, ஒரு தப்பும் இல்ல.

கடைசியா இன்டர்வியூ. தாராளமா சொல்லலாம், ஜப்பானிய கம்பெனில 'சோஷோ', அதாவது உங்க பலம் என்னன்னு கிட்டத்தட்ட கண்டிப்பா கேப்பாங்க, அக்கவுன்ட்ஸ், குவாலிட்டி, டெஸ்டிங், நர்சிங், கிடங்கு வேலை இதுக்கெல்லாம் இது நல்ல பதில். ஆனா "வத்தஷி வா கிச்சோமென் நா ஹித்தோ தெஸு"ன்னு சொல்லாதீங்க, 'ஹித்தோ' அடுத்தவங்களைச் சொல்றது, உங்களைச் சொல்லும்போது 'கிச்சோமென் நா செய்காக்கு தெஸு', செய்காக்குன்னா குணம். சொல்லிட்டு அங்கயே நிறுத்திட்டா அந்த வார்த்தை காத்துல போயிடும், ஏன்னா முன்னாடி உக்காந்திருக்கறவர் அன்னைக்கே பத்துப் பேர்கிட்ட அதைக் கேட்டிருப்பார். உடனே ஒரு ஆதாரம் குடுங்க. காலேஜ் லேப்ல மூணு வருஷம் எக்ஸ்பெரிமென்ட் ரெக்கார்டை அன்னன்னைக்கே எழுதினேன், ஃபெயில் ஆன நாளும் எழுதினேன், அதனால ஜூனியர்ஸ் அதை வெச்சே வேலையைத் தொடர முடிஞ்சுது, இந்த மாதிரி உங்க வாழ்க்கையில நிஜமா நடந்த ஒண்ணு. அடுத்த கேள்வி 'தன்ஷோ', பலவீனம் என்ன. அங்க நிறைய பேர் கிச்சோமென்னோட மறுபக்கத்தையே சொல்லுவாங்க, நுணுக்கத்துல இறங்கி நேரம் அதிகமா எடுத்துக்கறேன்னு. அப்படிச் சொன்னா அதைச் சரி பண்ண என்ன செய்யறீங்கன்னும் சேத்து வெச்சுக்கோங்க, வேலை ஆரம்பிக்கும்போதே முடிக்க வேண்டிய மணியை நோட்டுல எழுதி வெச்சுடறேன், அந்த மணி தாண்டினா சீனியர்கிட்ட கேக்கறேன், இந்த மாதிரி. அது உண்மையா இருக்கணும், ஏன்னா எந்த நோட்டுல எழுதுவீங்கன்னு என்னை நிஜமாவே கேட்டாங்க, பையிலேருந்து எடுத்துக் காட்டினேன்.